ரேஷன் கார்டுக் குடும்பமும் பாலிசிக் குடும்பமும்

"உங்க குடும்பத்துல எத்தன பேருங்க?"

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டால், "எட்டுப் பேருங்க" என்று பதில் வரும். அதே வீட்டைப் பற்றி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் விதியைக் கேட்டால் மூன்று பேர் என்று சொல்லும். இ.எஸ்.ஐ. விதியும் மூன்று என்றுதான் சொல்லும், ஆனால் அது வேறு மூன்று பேர். பெங்களூரில் வேலை பார்க்கும் மூத்த மகனின் கம்பெனி பாலிசியில் இன்னொரு மூன்று பேர். மூன்று கணக்கையும் கூட்டிப் பார்த்தால் சிலர் இரண்டு இடத்தில் இருப்பார்கள், ஒருவர் எந்த இடத்திலும் இருக்கமாட்டார்.

மருத்துவக் காப்பீடு என்றதும் எந்தக் கம்பெனி நல்லது, எந்த பாலிசி மலிவு என்றுதான் கேட்கிறோம். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் யார், எந்தக் காப்பீட்டின் கணக்கில், குடும்பம் என்று எண்ணப்படுகிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பாலிசி வாங்கினால், காப்பீடு இருப்பவருக்கே மறுபடியும் வாங்கிவிட்டு, தேவைப்பட்டவரை விட்டுவிடுவோம்.

சேலத்துக்குக் கிழக்கே பத்து கிலோமீட்டர் தொலைவில், அரூர் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். பட்டாபிஷேகக் கோலத்தில் இராமர் இருக்கும் கோதண்டராமர் கோயிலுக்குப் பேர்போன ஊர். விருத்தாசலம் ரயில் பாதையும் இதன் வழியாகத்தான் போகிறது. மாத முடிவில் சம்பள ரசீது கையில் வாங்கும் குடும்பங்களைவிட, தறி, வெள்ளி, தோட்டம், கட்டட வேலை, சின்னக் கடை என்று நாள்கூலியிலும் வாரக்கூலியிலும் வண்டி ஓட்டும் குடும்பங்களே இந்தப் பக்கத்தில் அதிகம். பெரிய நோய் என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது சேலம் நகரத்துத் தனியார் மருத்துவமனை. இரண்டுக்கும் பஸ் தூரம் ஒன்றுதான். செலவின் தூரம் வேறு. 2017-18ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றுப்படி, இந்தியக் கிராமப்புறத்தில் ஒருவர் அரசு மருத்துவமனையில் ஒருமுறை படுத்து எழுந்தால் சராசரிச் செலவு 4,290 ரூபாய், தனியாரில் 27,347 ரூபாய். இது காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்த சராசரி. இதய அடைப்புக்கோ இடுப்பு எலும்பு முறிவுக்கோ இது சில மடங்காகும்.

நான் சொன்ன எட்டுப் பேர் வீட்டை இந்தப் பக்கத்துப் பல வீடுகளிலிருந்து சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பாட்டிக்கு 72 வயது. அப்பாவுக்கு 58, வீட்டு முன்கட்டிலேயே கொலுசுப் பட்டறை. அம்மாவுக்கு 53, சர்க்கரை உண்டு. கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்ட அத்தைக்கு 49, பட்டறையில் சங்கிலி கோக்கும் வேலை அவருடையது. மூத்த மகன், மருமகள், நாலு வயதுப் பேத்தி பெங்களூரில். இளைய மகனுக்கு 26, கல்யாணம் ஆகவில்லை, சேலத்தில் ஒரு மில்லில் மாதம் 18,000 ரூபாய் சம்பளம்.

முதலில் அரசின் அட்டை. தமிழ்நாட்டில் இதன் கதை 2009 ஜூலையில் 'கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' என்று தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். ஆட்சி மாறியபின் 2012 ஜனவரியில் அது 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' ஆனது. ஆண்டுக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்ததும் தொகை ஆண்டுக்கு 5 லட்சமாக உயர்ந்தது. பெயரும் ஆட்சியும் மாறினாலும் திட்டத்தை எந்தக் கட்சியும் கைவிடவில்லை. இன்றும் சில வீடுகளில் பெரியவர்கள் இதைக் 'கலைஞர் கார்டு' என்றும், சிலர் 'அம்மா கார்டு' என்றும் சொல்வார்கள். அட்டை ஒன்றுதான்.

இதில் சேர ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2022-ல் அது 1,20,000 ஆக்கப்பட்டது. அதாவது குடும்பத்துக்கு மாதம் பத்தாயிரம். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் படம் எடுத்து, கைரேகை வைத்து, எண் கொடுத்துவிடுவார்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு அது ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஒரு தனி மனிதர் கடைவீதியில் வாங்கும் பாலிசியின் பிரீமியத்தோடு ஒப்பிட்டால் இது நம்ப முடியாத மலிவு. கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஒரே கட்டாக வாங்குவதால் கிடைக்கிற மலிவு அது. எந்த நோய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கட்டணம் முடிவாகிவிடுவதாலும் வெளிநோயாளிச் செலவு சேராததாலும் கிடைக்கிற மலிவும்கூட.

இந்தத் திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் அட்டைதாரர், அவருடைய கணவன் அல்லது மனைவி, அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைகள் வேலைக்குப் போகும்வரை, அல்லது கல்யாணம் ஆகும்வரை, அல்லது 25 வயதுவரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. இவர்களின் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். ஆக நம் வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி. இரண்டு மகன்களும் வெளியே. அத்தையின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அவர் பங்கு அரிசி மாதாமாதம் வருகிறது, ஆனால் அட்டைதாரரின் உடன்பிறந்தவர் என்ற உறவு இந்த விதியில் இல்லை.

எட்டுப் பேரையும் ஒரே கார்டில் வைத்திருந்தால் இளைய மகனின் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேர்ந்துகொள்ளும். மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. அந்த ஒரு சம்பளத்திலேயே வரம்பு தாண்டிவிடுகிறது. அப்பாவின் பட்டறை வருமானத்தைக் கணக்கெடுக்கவே வேண்டியதில்லை. வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற, ஆனால் கடைவீதிப் பாலிசியின் விலைக்கு மிகவும் கீழே இருக்கிற இந்த மக்களை, நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட ஓர் அறிக்கை 'நடுவில் விடுபட்டவர்கள்' என்று பெயரிட்டுப் பேசியது. நாட்டு மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காடு, ஏறக்குறைய 40 கோடிப் பேர் என்பது அதன் மதிப்பீடு. அயோத்தியாப்பட்டணம் மாதிரி ஊர்களில் அந்த நாற்பது கோடியை முகம் முகமாகப் பார்க்கலாம்.

இளைய மகனுக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருக்கிறது. 1948-ல் சட்டமாகி, 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இந்தத் திட்டத்தை, படித்தவர்கள்கூடக் குறைவாகவே மதிக்கிறார்கள். டிஸ்பென்சரியில் கூட்டம், மருந்து இல்லை, கையெழுத்துக்கு அலைய வேண்டும் என்ற குறைகள் பொய்யல்ல. ஆனாலும் காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல காப்பீடு இந்த வீட்டில் யாருக்கும் கிடைக்காது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு. 18,000 சம்பளத்துக்கு அவன் கையிலிருந்து போவது மாதம் 135 ரூபாய். அதற்கு வெளிநோயாளிச் சிகிச்சை உண்டு, சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை, முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பு என்று ஒன்று இல்லை, நோயில் படுத்த நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் உண்டு. அவனைச் சார்ந்த அப்பா, அம்மாவும் இதில் வரலாம். குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி மருத்துவத்தைத் தொடரலாம் என்ற விதி உண்டு. ஓய்வு பெற்ற எத்தனை மில் தொழிலாளிகளுக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

இ.எஸ்.ஐ.யின் வாசல் இரண்டு இடத்தில் மூடுகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது கட்டாயம் இல்லை. சேலத்துக் கொலுசுத் தொழிலோ பத்துப் பேர் தேறாத வீட்டுப் பட்டறைகளில்தான் பெரும்பாலும் நடக்கிறது. உருக்குவது ஒரு வீடு, கம்பி இழுப்பது ஒரு வீடு, சங்கிலி கோப்பது ஒரு வீடு, மெருகு போடுவது ஒரு வீடு. மொத்தத் தெருவும் ஒரே கொலுசுக்கு உழைத்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது தனித்தனி வீடுதான். இரண்டாவது, மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் தொழிலாளி வெளியேற வேண்டும். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. சம்பள உயர்வுக்குச் சந்தோஷப்படும் மாதத்தில்தான் அம்மாவின் சர்க்கரை மருந்துக்கும் அப்பாவின் நெஞ்சுவலிக்கும் இருந்த காப்பு கழன்று போகிறது. சம்பளம் 20,000-ஐத் தொடும்போதே அடுத்த ஏற்பாட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

பெங்களூரில் இருக்கும் மூத்தவனின் கம்பெனி பாலிசியில் அவன், மனைவி, குழந்தை இருக்கிறார்கள். கூடுதலாகப் பணம் கட்டினால் பெற்றோரைச் சேர்க்கலாம் என்று பல கம்பெனிகளில் வசதி உண்டு. குழுப் பாலிசியின் பெரிய பலம், முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் தருவது. அம்மாவின் சர்க்கரையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பலவீனம், வேலை போனால் பாலிசியும் போகும் என்பது. இன்னொன்றும் உண்டு. பெற்றோர் என்றால் சொந்தப் பெற்றோர், அல்லது மாமனார் மாமியார், இரண்டில் ஒரு ஜோடிதான் என்று பல பாலிசிகளில் இருக்கும். மருமகளும் வேலைக்குப் போகிறவள் என்றால், அவள் கம்பெனி பாலிசியில் யார் பெயரைப் போடுவது என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அவள் தன் அப்பா அம்மாவைப் போடட்டும், இவன் தன் அப்பா அம்மாவைப் போடட்டும் என்பது நேரான வழி. எனினும் எத்தனையோ வீடுகளில் அவள் பாலிசியிலும் மாமனார் மாமியார் பெயரே ஏறுகிறது, அவளைப் பெற்றவர்கள் எங்கும் இல்லாமல் நிற்கிறார்கள்.

இந்த மூன்று வழிகளிலும் நிற்காதவர்களுக்கு மிஞ்சுவது சொந்தக் காசில் வாங்கும் பாலிசி. அதை வாங்குவதில் நம் பக்கத்து மக்களுக்கு இருக்கும் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்துக்குள் ஒரு நியாயம் இருக்கிறது.

நமக்குச் சீட்டு தெரியும். இருபது பேர் இருபது மாதம் கட்டுகிறோம். முதலில் எடுத்தவருக்குத் தள்ளு அதிகம், கடைசியில் எடுத்தவருக்கு முழுப்பணம். யாராக இருந்தாலும் ஒருமுறை எடுத்தே தீருவார். மொய் தெரியும். எழுதியது நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும், நோட்டில் கணக்கு இருக்கும். எல்.ஐ.சி. தெரியும். முடிவில் ஒரு தொகை கைக்கு வரும். ஆகவே மருத்துவ பாலிசி பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி, "ஒண்ணும் ஆகலேன்னா கட்டுன பணம் திரும்ப வருமுங்களா?" வராது என்றதும் முகம் மாறிவிடும். பணத்தைக் கிணற்றில் போட்ட மாதிரி என்று தோன்றுகிறது.

மருத்துவக் காப்பீடும் ஒருவகையில் சீட்டுத்தான். ஆனால் இதில் சீட்டு எடுக்கிறவர் அந்த ஆண்டு நோயில் விழுந்தவர். மற்றவர்கள் அனைவரும் அவருக்காகக் கட்டினார்கள். தமிழ்நாட்டிலேயே இந்தக் கொள்கையை அரசும் கம்பெனியும் இல்லாமல் நடத்திக் காட்டிய ஓர் இடம் உண்டு. மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958-ல் சென்னையில் தொடங்கிய தன்னார்வ மருத்துவ சேவை நிறுவனம், குடும்பங்களை அவரவர் வருமானத்துக்கு ஏற்ற சந்தா கட்டும் உறுப்பினராகச் சேர்த்து மருத்துவம் பார்த்தது. அமெரிக்காவில் 1929-ல் டல்லாஸ் நகரத்து ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டி, ஆண்டில் 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சையை உறுதி செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்துதான் அந்த நாட்டின் பெரிய காப்பீட்டு அமைப்பு வளர்ந்தது.

இந்தச் சீட்டில் ஒரு சிக்கல் உண்டு. நோய் வந்தவர் மட்டும் ஓடி வந்து சேர்ந்தால் சீட்டு உடைந்துபோகும். பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை விளக்கினார். பழைய கார் சந்தையைப் பற்றிய கட்டுரை என்று அதை நினைவு வைத்திருக்கிறார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏன் மருத்துவக் காப்பீடு கிடைப்பதில்லை என்பதையும் அவர் அதில் பேசியிருந்தார். விலை ஏற ஏற, நோய் நிச்சயம் என்று தெரிந்தவர்கள்தான் வாங்குவார்கள். அவர்கள் வாங்க வாங்க விலை இன்னும் ஏறும். ஆரோக்கியமானவர்கள் விலகிவிடுவார்கள். இதைத் தடுக்கக் கம்பெனிகள் போட்ட வேலிதான் காத்திருப்புக் காலம். விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள். கண்புரை, குடலிறக்கம் மாதிரியான பட்டியல் நோய்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சம் நான்கு ஆண்டாக இருந்ததைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் மூன்று ஆண்டாகக் குறைத்தது. 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்க மறுக்கலாம் என்றிருந்த நிலையையும் அதே ஆண்டு நீக்கியது.

அம்மாவுக்கு இந்த ஆண்டு பாலிசி எடுத்தால், சர்க்கரையால் வரும் சிக்கலுக்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் பணம் வரலாம். அப்படியானால் எடுக்க வேண்டிய காலம் எது என்பது தெளிவு. 56-ல் அவருக்கு அது தேவைப்படும் என்றால் 53-ல் எடுக்க வேண்டும்.

குடும்ப பாலிசியா, ஆளுக்கு ஒன்றா? குடும்ப பாலிசியில் ஒரே தொகையை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஃப்ளோட்டர் என்பார்கள். 32, 29, 4 வயதுள்ள மூவருக்கு 10 லட்சம் ஃப்ளோட்டர் எடுப்பது சிக்கனம், ஏனென்றால் ஒரே ஆண்டில் மூவரும் பெரிய நோயில் விழுவது அரிது. ஆனால் ஃப்ளோட்டரின் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதில் வயதில் மூத்தவர். 58 வயது அப்பாவை அதே பாலிசியில் சேர்த்தால் இளையவர்களும் 58 வயதுக்காரரின் தட்டில் ஏறிவிடுவார்கள். அப்பாவின் ஓர் இதயச் சிகிச்சை அந்த ஆண்டுத் தொகை முழுவதையும் தின்றுவிட்டால் குழந்தைக்கு டெங்கு வரும்போது ஒன்றும் மிஞ்சாது. ஒரே உலையில் சமைத்து ஒரே பந்தியில் சாப்பிடும் குடும்பத்துக்கு இது மனசுக்கு ஒப்பாத யோசனைதான். இருந்தாலும் சொல்கிறேன். இளையவர்களுக்கு ஒரு ஃப்ளோட்டர், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாலிசி.

கையில் காசு குறைவு என்றால் சூப்பர் டாப்-அப் என்ற வகையைப் பார்க்கலாம். ஆண்டுச் செலவு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால்தான், உதாரணமாக 3 லட்சத்தையோ 5 லட்சத்தையோ தாண்டினால்தான் அது பணம் தரும். அதனால் விலை குறைவு. கீழ்ப்பகுதியைக் கம்பெனி பாலிசியோ வேறு காப்போ பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு இது பொருந்தும். வெறும் டாப்-அப் என்பது வேறு. அது ஒவ்வொரு முறை படுப்பதையும் தனியாக எண்ணும். சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதையும் கூட்டி எண்ணும். விலையில் சிறு வேறுபாடுதான் என்றால் இரண்டாவதே நல்லது.

மருத்துவக் காப்பீடு விற்கும் எல்லாக் கம்பெனிகளும் கட்டாயம் விற்க வேண்டும் என்ற விதியோடு பொதுவான பாலிசி ஒன்று 2020 ஏப்ரலில் வந்தது, ஆரோக்கிய சஞ்சீவனி. எல்லாக் கம்பெனியிலும் நிபந்தனைகள் ஒன்றே, விலை மட்டும் மாறும். ஒப்பிட்டு வாங்கத் தெரியாதவர்களுக்கு அது ஒரு நல்ல தொடக்கம். கிளைமில் 5 விழுக்காடு நாம் போட வேண்டும், அறை வாடகைக்கு வரம்பு உண்டு. அந்த அறை வாடகை வரம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒருவருக்கு வேறு வகைப் பாலிசி, 3 லட்சத்துக்கு. அறை வாடகை ஒரு நாளைக்குத் தொகையில் 1 விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் என்று நிபந்தனை. அவசரத்தில் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்துவிட்டார். பில் இப்படி வருகிறது: அறை 30,000, அறுவை, மருத்துவர், நர்ஸ் கட்டணம் 1,00,000, மருந்து, பரிசோதனை, உள்ளே வைத்த கருவி 50,000. மொத்தம் 1,80,000. அறையில் அதிகமான 15,000-ஐத்தானே நாம் கட்ட வேண்டும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். இல்லை. தகுதியான அறையைப் போல் இரு மடங்கு வாடகை அறையில் இருந்ததால், அறையோடு சேர்ந்த மருத்துவச் செலவையும் பாதியாக்குகிறார்கள். அறைக்கு 15,000, ஒரு லட்சத்துக்கு 50,000, மருந்து வகைக்கு முழுதாக 50,000. கிடைப்பது 1,15,000. கைக்காசு 65,000. பாலிசியில் இன்னும் பணம் மிச்சம் இருக்கும்போதே நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது. 3,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால் ஒரு பைசா போயிருக்காது. மருத்துவமனைகளில் அறைக்குத் தக்கபடி மற்றக் கட்டணங்களும் ஏறும் என்பதால் இந்த விதி வந்தது. அந்தக் காரணம் புரிகிறது. ஆனால் நள்ளிரவில் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடும் மகனுக்கு இதை யார் சொல்வார்கள்? அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவது வீண் அல்ல என்பது என் முடிவு.

இன்னொரு காட்சி. நான் நேரில் பார்த்தது, ஊரும் ஆளும் வேண்டாம். நோயாளியைச் சேர்க்கும்போது இளம் மருத்துவர் கேட்கிறார், "எத்தன வருஷமா சுகர்?" பக்கத்தில் நின்ற மகன் பதற்றத்தில், "அது ஒரு பத்து வருஷமா இருக்குதுங்க சார்" என்கிறார். அவருக்கு உண்மையில் தெரியாது. நான்கோ ஐந்தோ ஆண்டு இருக்கலாம். அந்த வாய்ச்சொல் கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியில் அச்சாகி, காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகிறது. பாலிசி எடுத்து நான்கு ஆண்டுதான் ஆகிறது, விண்ணப்பத்தில் சர்க்கரை இல்லை என்று இருக்கிறது, கிளைம் மறுப்பு. விண்ணப்பத்தை நிரப்பியவர் ஏஜென்ட். "அதெல்லாம் எழுதுனா பிரீமியம் ஏறுமுங்க, விட்டுருங்க" என்று சொல்லிக் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தார்.

இதில் இரண்டு தவறு இருக்கிறது. முதலாவதைச் சரிசெய்வது நம் கையில். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, எழுதியதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிரீமியம் கொஞ்சம் ஏறட்டும், மூன்று ஆண்டு காத்திருப்பு இருக்கட்டும். பாலிசி வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், அந்த முப்பது நாளில் ஒருநாள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இரண்டாவது, மருத்துவமனையில் தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். சர்க்கரை முதலில் தெரிந்த பழைய சீட்டு வீட்டில் இருந்தால் அதைக் காட்ட வேண்டும்.

விடாமல் ஐந்து ஆண்டு, அதாவது 60 மாதம், பாலிசியைப் புதுப்பித்தவரின் கிளைமை, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர. முன்பு எட்டு ஆண்டாக இருந்ததை 2024-ல் ஆணையம் குறைத்தது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள், அதற்குமேல் தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்பதைக் கம்பெனியே ஏற்க வேண்டும் என்பதும் அப்போது வந்த விதிகள். டிஸ்சார்ஜ் நாளில் மத்தியானம் முழுக்கக் கவுண்டரில் காத்திருப்பவர்கள் இந்த மூன்று மணி நேர விதியைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். கிளைம் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் ரூபாய்வரை அவர் தீர்ப்பளிக்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. மறுத்த நாளிலிருந்து ஒரு ஆண்டுக்குள் போய்விட வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளின் பிரீமியத்துக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இல்லை. பழைய ரசீதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாலை விபத்து மட்டும் தனிக் கதை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அட்டை இருக்கிறதா, எந்த ஊர் என்று கேட்காமல், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் அரசு செலவில் சிகிச்சை. லாரியும் பஸ்ஸும் விடாமல் ஓடும் நெடுஞ்சாலையை நடந்து கடக்கும் ஊருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். இளைய மகன் இ.எஸ்.ஐ.யில் தானும் அப்பா அம்மாவுமாக இருக்கிறான். மூத்தவன் தன் மூவருக்கும் கம்பெனி பாலிசியோடு சொந்தமாக ஒரு ஃப்ளோட்டரும் எடுக்க வேண்டும், வேலை மாறும் இடைவெளிக்கு அது நிற்கும். அம்மாவுக்குத் தனி பாலிசியை இந்த ஆண்டே எடுக்க வேண்டும், சர்க்கரையை எழுதியே எடுக்க வேண்டும். இளையவனின் சம்பளம் 21,000-ஐத் தாண்டும் நாளுக்குள் அவர் காத்திருப்பின் பெரும்பகுதியைக் கடந்திருப்பார். அப்பாவுக்கும் அதே. பாட்டிக்கு, 70 வயது நிறைந்த எல்லோரையும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய்க் காப்புக்குள் கொண்டுவரும் மத்திய அரசுத் திட்டம் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஆதாரோடு போய்க் கேட்டு, எண்ணைக் கையில் வாங்கிய பிறகுதான் ஏழு பேர் ஆயிற்று என்று எண்ண வேண்டும்.

மிச்சம் அத்தை. அண்ணன் மகன்களின் பாலிசி எதிலும் அத்தை என்ற உறவுக்குப் பெரும்பாலும் இடம் இல்லை. பட்டறையில் அவர் வேலை செய்கிறார், ஆனால் அது பத்துப் பேர் பட்டறை அல்ல. சொந்தமாகப் பாலிசி எடுக்க அவர் கையில் காசு இல்லை. கோத்த சங்கிலிக்குக் கிடைக்கும் கூலி அந்த வீட்டு அடுப்புக்கே போகிறது. அவருக்கு ஒரு வழி இருக்கிறது. தனி ஆளாக ஒரு ரேஷன் கார்டு வாங்கினால், அவருடைய வருமானத்துக்கு வருமானச் சான்று கிடைக்கும், அவர் ஒருவரே ஒரு குடும்பமாக முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய்க்குச் சேரலாம்.

தனிக் கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும் என்பது விதி. விசாரிக்க வருகிறவர் அடுப்பைப் பார்ப்பார். இருபது வருடமாக இந்த வீட்டில் எல்லோருக்கும் காலையில் முதல் காபி போடுவது அத்தைதான். பின்கட்டில் பழைய விறகு அறையைச் சுத்தம் செய்து, இரண்டு பாத்திரமும் ஒரு சின்ன சிலிண்டரும் வாங்கிப் போட்டு, இனிமேல் நீ தனியாகச் சமைத்துக்கொள் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது என்றுதான் அந்த வீட்டில் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.